ஜார்ஜ்டவுன் நெகடிவ், நிபோங் திபால் குளியலறை: ஆர்சி தாளா, ஃபைபர் தாளா, ஸ்கேனா?

நிபோங் திபாலில் ரயிலேறிப் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடித்தால் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன். காலையில் போய், குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் கோபுரம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சியூ ஜெட்டியின் பலகை நடை என்று இரண்டு ரோல் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திகைப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. நெகடிவ் காய்ந்து உறையில் இருக்கிறது. அதைத் தாளில் ஏற்ற மூன்று வழிகள் உண்டு: பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாள், பழைய பாணி ஃபைபர் தாள், இருட்டறையே வேண்டாம் என்று ஸ்கேன் செய்து அச்சுக்குக் கொடுப்பது. எதில் பணத்தைப் போடுவது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருவதால், தோட்டப்புறப் பட்டணத்து வீடு ஒன்றை மனத்தில் வைத்து மூன்றையும் இங்கே எடை போடுகிறோம்.

குளிர்நாட்டுக் கையேடுகள் இந்தத் தேர்வைப் படத்தின் அழகைக் கொண்டே முடிவு செய்கின்றன. நம் பக்கத்தில் குழாய்த் தண்ணீரின் சூடும், அது எத்தனை மணி நேரம் வரும் என்பதும் அழகுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. இந்த ஒப்பீடு முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

ஒரு சொல் விளக்கம். நம் பேச்சில் ‘படம் கழுவுவது’ என்றால் டெவலப் செய்வது. மருந்து நீங்கத் தண்ணீரில் விடுவதையும் கழுவுவது என்றால் குழப்பம் வரும். அதனால் இங்கே அதை ‘அலசுவது’ என்றே எழுதியிருக்கிறோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

சூடு. தாள் மருந்துகளின் நேரக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. 18 முதல் 24 வரை பெரிய சிக்கல் இருக்காது. நம் குழாயில் வருவதோ 28, 29. கூரைத் தொட்டியில் வெயில் பட்டிருந்தால் 30-ஐயும் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப்பர் (தாளில் படத்தை எழவைக்கும் மருந்து) அவசரப்படும். ஒரு நிமிடத்தில் நிதானமாக எழ வேண்டிய கறுப்பு அரை நிமிடத்தில் பாய்ந்து வரும். பயந்துபோய்ப் பாதியில் எடுத்தால் கறுப்பு சாம்பலாகவும் திட்டுத் திட்டாகவும் நிற்கும். ஜெலட்டின் ஊறி மென்மையாகிவிடுவதால் இடுக்கி நுனி பட்டாலே கீறல் விழும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. துணி அலசும் பேசினில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதில் டெவலப்பர் தட்டை மிதக்க விடுங்கள். பக்கத்தில், உறைய வைத்த ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டில் ஒன்றைப் போடுங்கள். 29 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் மருந்தையும் சுற்றியுள்ள தண்ணீரையும் 23-க்குக் கொண்டுவர அந்த ஒரு பாட்டில் ஐஸ் தாராளமாகப் போதும். இரண்டாவது பாட்டில் ஃபிரீசரில் தயாராக இருக்கட்டும். ஐஸ் கட்டியை மருந்திலேயே போடாதீர்கள். உருகிய தண்ணீர் மருந்தை நீர்க்கச் செய்துவிடும். எவ்வளவு நீர்த்தது என்ற கணக்கும் கைநழுவிவிடும். ஐஸே கிடைக்காத நாளில் டெவலப்பரை 1+9-க்குப் பதிலாக (ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர்) 1+14 என்று கலந்தால் வேகம் மட்டுப்படும்.

தண்ணீர். மூன்று வழிகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இதில்தான் தெரிகிறது. குழாயை மிதமாகத் திறந்தால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் என்று வையுங்கள். ஆர்சி தாளுக்கு இரண்டு நிமிட அலசல், ஆறு லிட்டர். ஃபைபர் தாளை வெறும் தண்ணீரில் மட்டும் அலசினால் ஒரு மணி நேரம், 180 லிட்டர். தண்ணீர் வெட்டு வரும் தாமானில் இந்த எண் ஒன்றே பலருடைய முடிவை மாற்றிவிடும். வெட்டு முடிந்து திரும்ப வரும் முதல் தண்ணீர் துருவும் மண்ணுமாக இருக்கும். ஊறிய ஜெலட்டினில் அந்தத் துகள் புதைந்தால் பிறகு எடுக்க முடியாது. குழாயில் ஒரு பஞ்சு வடிகட்டி மாட்டுவது இரண்டு தாளுக்கும் கட்டாயம்.

காற்றின் ஈரம். தாள் காய்வதும், காய்ந்த படத்தில் பூஞ்சணம் பிடிப்பதும் இதைப் பொறுத்தவை. இராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டின் நல்ல தீனி என்பதையும் மறக்க வேண்டாம்.

நெகடிவின் தன்மை, படம் போய்ச் சேரும் இடம், செலவு என்று இன்னும் மூன்று உண்டு. செலவை அந்தந்த வழியோடு சேர்த்துப் பார்ப்போம். நெகடிவுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

## முதலில் நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன் 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது, பழைய கடைவீடுகளில் தலைமுறையாக இருந்த பலர் வெளியேற வேண்டியதாயிற்று. ஆகவே 1990-களில் யாரோ ஒரு மாமா எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு வைத்த நெகடிவுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி கலர் நெகடிவாகத்தான் இருக்கும். நெகடிவ் முழுக்க ஆரஞ்சு நிறம் படர்ந்திருந்தால் அது கலர். கறுப்பு வெள்ளைத் தாளுக்கு அந்த ஆரஞ்சு கிட்டத்தட்ட சேஃப்லைட் (தாளைப் பாதிக்காத இருட்டறை விளக்கு) மாதிரி. வெளிச்சம் போதாது, காண்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு) எழாது, முகம் எல்லாம் சேறு பூசினாற்போல வரும். காண்ட்ராஸ்டைக் கூட்டும் 4, 5 எண் ஃபில்டர் போட்டு நிமிடக் கணக்கில் வெளிச்சம் விட்டாலும் அரைகுறைதான். கலர் நெகடிவ் என்றால் யோசிக்காமல் ஸ்கேனுக்குப் போங்கள்.

இரண்டாவது சோதனை மூக்கால். டின்னைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. நம் சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். ஒரு நெகடிவின் வாடை பக்கத்து நெகடிவையும் கெடுக்கும்; அதைத் தனியே பிரித்து வையுங்கள். வளைந்து நெளிந்த நெகடிவ் என்லார்ஜரில் (நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் கருவி) தட்டையாக நிற்காது. ஒரு மூலை தெளிவாக இருந்தால் எதிர்மூலை மங்கும். அதையும் முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

மிஞ்சுவது புதிதாக எடுத்த கறுப்பு வெள்ளை. ஜார்ஜ்டவுனின் நண்பகல் வெயிலும் கடைவீடுகளின் முன் கூரையுள்ள ஐந்தடி நடைபாதையின் இருட்டும் ஒரே படத்தில் வந்தால் இரண்டுக்கும் இடையே ஆறேழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) வித்தியாசம் சாதாரணம். 400 வேக எச்பி5 அல்லது டிரை-எக்ஸ் படச்சுருளை 200 என்று வைத்து எடுத்து, கழுவும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் நடைபாதைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளும் தெரிவார், வெளியே சுண்ணாம்புச் சுவரும் வெளுத்துப் போகாது. குறைத்த பிறகு நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் மருந்தை இன்னும் நீர்க்கக் கலந்துகொள்ளுங்கள். அதற்குக் குறைவான நேரத்தில் படம் சீராக விழாது. இப்படி எடுத்த நெகடிவுக்கு எந்தத் தாளும் ஒத்துழைக்கும். 400-இலேயே எடுத்து முழு நேரம் கழுவிய நெகடிவுக்குக் கீழே சொல்லப்போகும் இரட்டை ஃபில்டர் முறை தேவைப்படும். புகைமூட்ட மாதங்களில் எடுத்ததோ நேர் எதிர்: எல்லாம் சாம்பலாக இருக்கும், 3½ அல்லது 4 எண் ஃபில்டர் வேண்டும்.

## வழி 1: ஆர்சி தாள்

தாளின் இரு பக்கமும் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே ஊறாது. இந்த வழியின் நன்மைகள் எல்லாமே அந்தப் பூச்சிலிருந்து பிறக்கின்றன.

8×10 தட்டு மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர். மல்டிகிரேட் டெவலப்பர் 1+9-இல் 60 விநாடி, டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் 10 விநாடி, படத்தை நிலைப்படுத்தும் ராப்பிட் ஃபிக்சர் 1+4-இல் 30 விநாடி, இரண்டு நிமிடம் அலசல். நான்கு நிமிடத்துக்குள் படம் கையில். தண்ணீர் நின்றுபோனால் சேமித்த தண்ணீரில் நான்கு முறை, முறைக்கு ஒரு லிட்டர், அரை நிமிடம் ஆட்டி ஆட்டிக் கொட்டினாலும் வேலை நடந்துவிடும். ஸ்டாப் பாத்தின் வாடை சின்ன குளியலறையில் தாங்காது என்பவர்கள், பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் சிட்ரிக் அமிலம் வாங்கி லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் கரைத்துக்கொள்ளலாம். ஒரே இரவுக்கு அது போதும். மிச்சம் வைத்தால் பாசி பிடிக்கும்.

மாறும் காண்ட்ராஸ்ட் தாளாகவே வாங்குங்கள். மிகக் குறைந்த காண்ட்ராஸ்டுக்கான 00-இலிருந்து மிக அதிகத்துக்கான 5 வரை பன்னிரண்டு ஃபில்டர் வரும். 3½ வரை வெளிச்ச நேரம் மாறாது. 4-இலிருந்து நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘4 போட்டால் படம் வெளுக்கிறது’ என்று ஃபில்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

இரட்டை ஃபில்டர் முறை, கடைவீட்டுப் படத்துக்கென்றே பிறந்தது போல இருக்கும். முதலில் 00 ஃபில்டரில் மட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் (தாள் துண்டில் வெளிச்ச நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கும் சோதனை) எடுத்து, வெயில் படும் சுவரில் லேசாகத் தடம் தெரியும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். எட்டு விநாடி என்று வைத்துக்கொள்வோம். பிறகு இன்னொரு துண்டு முழுவதற்கும் அந்த எட்டு விநாடியைக் கொடுத்து, அதன் மேல் 5 ஃபில்டரில் 3, 6, 9, 12 விநாடி என்று படியாக ஏற்றுங்கள். நடைபாதையின் மிக ஆழமான நிழல் எந்தப் படியில் முழுக் கறுப்பாகிறதோ அதுதான் இரண்டாவது எண். இரண்டையும் ஒரே தாளில் கொடுத்தால் சுவரும் நிழலும் சேர்ந்து வரும். நம் ஊர் வெள்ளை வானத்தை, நடுவில் ஓட்டை போட்ட அட்டையால் மற்ற இடத்தை மறைத்துக்கொண்டு, 00-இல் தனியாகக் கருக்கலாம்; கோபுர உச்சி வானத்தில் கரைந்து போகாது. கோபுரத்துச் சிற்பங்களின் சிவப்பும் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும் என்பதால் அந்த இடத்துக்கு மட்டும் 3½ அல்லது 4-இல் சில விநாடி சேர்த்தால் கை கால் விரல்கள் பிரிந்து தெரியும்.

அண்ணாந்து எடுத்ததால் பின்னால் சாய்ந்த கடைவீட்டுத் தூண்களை நிமிர்த்தவும் வழி உண்டு. தாளைப் பிடித்துவைக்கும் ‘ஈசல்’ சட்டத்தின் ஒரு பக்கத்தின் கீழ் ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்து, லென்ஸை எஃப் 11 அல்லது 16-க்கு மூடுங்கள். கொஞ்சம் சாய்வு என்றால் சரியாகும். அதிகம் சாய்ந்ததை இழுத்து நிமிர்த்தினால் கட்டடம் ஒல்லியாக நீண்டுவிடும்.

மறைவுச் செலவு தாளில்தான் இருக்கிறது. 25 தாள் பெட்டி வாங்கினால் 25 படம் கிடைக்காது. ஒரு நல்ல படத்துக்கு டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்காக ஒரு தாள், முயற்சிப் படம் ஒன்று அல்லது இரண்டு, கடைசிப் படம் ஒன்று. பெட்டிக்கு ஆறு முதல் எட்டு நல்ல படம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆர்சி தாளை ‘அலசினால் நல்லதுதானே’ என்று அரை மணி நேரம் ஊற விடக்கூடாது. வெட்டிய ஓரங்கள் வழியே தண்ணீர் நுழைந்து ஓரம் விரியும். மொத்த ஈர நேரம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

குறை என்ன? கறுப்பு நன்றாகவே வரும், ஆனால் பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்த கறுப்பு. கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி வெயில் படும் சுவரில் மாட்டினால் வருடங்கள் கழித்து நிழல்களில் பித்தளை நிற மினுமினுப்பு படியக்கூடும். சட்டத்துக்குள் தேங்கும் வாயுக்கள் வெள்ளியை அரிப்பதால் வருவது அது. 1970-களின் முதல் தலைமுறை ஆர்சி தாள்கள் இதில் மோசமான பெயர் வாங்கின. இன்றைய தாள்கள் எவ்வளவோ தேறிவிட்டன. அப்படியும், சட்டம் போடப் போகும் படத்தை, வெள்ளியை அரிக்காமல் காக்கும் செபியா அல்லது செலினியம் டோனரில் போட்டு எடுப்பதும், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடுவதும் நல்லது.

## வழி 2: ஃபைபர் தாள்

வெறும் தாளின் மேல் பாரிட்டா என்ற வெண்களிமண் போன்ற பூச்சு, அதன் மேல் ஜெலட்டின். பள்ளிவாசல் வளைவுகளின் உள்நிழல், பழைய மரக்கதவின் இழை, ஜெட்டிப் பலகைகளின் ஈரக் கறுப்பு, இவை இந்தத் தாளில் வேறு மாதிரி உட்காரும். அருகருகே வைத்தால் பழக்கமில்லாத கண்ணுக்கும் அது தெரியும். முறையாக ஃபிக்ஸ் செய்து அலசியது நூறாண்டுக்கும் மேல் நிற்கும். ஆர்சியை ஒருகாலும் ஃபைபருக்குச் சமமென்று சொல்ல மாட்டோம்.

ஆனால் தாளே மருந்தைக் குடிக்கிறது. குடித்த ஹைப்போவை (ஃபிக்சர் உப்பை) வெளியேற்றுவதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. அரைகுறையாக அலசிய ஃபைபர் படம் நம் வெக்கையில் சில வருடங்களிலேயே மஞ்சளாகத் தொடங்கும். நன்றாக அலசிய ஆர்சி படம் அதைவிட மேல்.

முறை இது. டெவலப்பரில் இரண்டு நிமிடம். ஸ்டாப் பாத். புது ராப்பிட் ஃபிக்சர் 1+4-இல் ஒரே ஒரு நிமிடம். ‘இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்’ என்று விட்டால் ஹைப்போ தாளின் இழைக்குள் இறங்கிவிடும், பிறகு வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஐந்து நிமிடம் அலசல். வாஷ்எய்ட் என்று விற்கும் கரைசலில் பத்து நிமிடம். அது கிடைக்காவிட்டால் சோடியம் சல்பைட் லிட்டருக்கு 20 கிராம். மீண்டும் ஐந்து நிமிடம் அலசல். ஒரு மணி நேர அலசல் பத்து நிமிடமாகச் சுருங்குகிறது, 180 லிட்டர் 30 லிட்டராகிறது. இந்தக் கரைசல் இல்லாமல் நம் ஊரில் ஃபைபர் தாளில் இறங்க வேண்டாம். தண்ணீர் மிச்சம் ஒரு காரணம். 29 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடந்தால் ஓரங்களில் ஜெலட்டின் கிளம்பி உரியத் தொடங்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஃபிக்சர் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு லிட்டர் 1+4 ஃபிக்சர் ஆர்சி 8×10 தாள் எண்பதைத் தாங்கும். நீண்ட காலம் நிற்க வேண்டிய ஃபைபர் படம் என்றால் அதே லிட்டரில் பத்துத் தாள்தான். அதற்கு மேல் போனால் ஃபிக்சரில் கரைந்த வெள்ளி அதிகமாகி, அந்த வெள்ளிக் கூட்டுப்பொருள் தாளிலேயே தங்கிப் பின்னாளில் கறையாக வெளிப்படும். தாளும் ஆர்சியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை. தாள், ஃபிக்சர், தண்ணீர், நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு ஃபைபர் படம் மூன்று ஆர்சி படத்தின் உழைப்பைக் கேட்கிறது.

காயப் போடுவதில் நம் காற்று ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் செய்கிறது. வறண்ட நாடுகளில் ஃபைபர் தாள் அப்பளம் போல் சுருண்டுகொள்ளும். நம் ஈரக் காற்றில் அந்தத் தொல்லை குறைவு. பதிலுக்கு, காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். சுத்தமான ஜன்னல் கண்ணாடியில் வைத்து ரப்பர் துடைப்பானால் இரு பக்கமும் தண்ணீரை வழித்துவிட்டு, நைலான் கொசுவலை அடித்த சட்டத்தில் படத்தின் முகம் மேலே பார்க்கப் போடுங்கள். சூட்டில் மென்மையான ஜெலட்டின் கவிழ்ந்து கிடந்தால் வலையின் கட்டம் படத்தில் பதியும். மேற்பரப்பு காயும் வரை நேராக மின்விசிறி வேண்டாம், தூசி ஒட்டிக்கொள்ளும். ஓரளவு காய்ந்தபின் ஏர்கோன் அறைக்கு மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும். அதன் பிறகு அமிலமற்ற அட்டைகளுக்கு இடையே வைத்து மேலே கனமான புத்தகங்களை நான்கைந்து நாள் ஏற்றி வைத்தால் தட்டையாகிவிடும்.

## இரண்டு தாளுக்கும் பொதுவான மறைவுச் செலவு

பழைய என்லார்ஜர் மலிவாகக் கிடைத்தால் வாங்குமுன் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ஜப்பான் சந்தைக்காகச் செய்தது 100 வோல்ட். நம் 240-இல் செருகிய நொடியில் பல்பு போய்விடும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு பாருங்கள். 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் அரிதான பொருளல்ல.

கண்ணாடியோடு கூடிய நெகடிவ் தாங்கி நம் ஈரத்தில் வானவில் வளையங்களை உண்டாக்கும். கண்ணாடி இல்லாததையே எடுங்கள். அதில் விளக்கின் சூட்டில் நெகடிவ் சற்றே உப்பும். விளக்கை அரை நிமிடம் எரியவிட்டு, உப்பி அடங்கிய பிறகு ஃபோக்கஸ் செய்து, எஃப் 8-க்கு மூடினால் போதும்.

இருட்டுக்கு, மிளகாய்ப் பாத்தியில் மண்ணை மூடப் போடும் கறுப்பு-வெள்ளி பிளாஸ்டிக் விரிப்பு இரண்டு மடிப்பு. ஒரு மடிப்பில் ஊசி ஓட்டைகள் இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் வேலை என்றால் தெருவிளக்குப் பக்கத்தை மட்டும் மறைத்தாலும் சரி. சேஃப்லைட்டை நம்புவதற்கு முன், என்லார்ஜரில் லேசாகச் சாம்பலாகும் அளவு வெளிச்சம் கொடுத்த தாளின் மேல் ஒரு சில்லறைக் காசு வைத்து ஐந்து நிமிடம் சேஃப்லைட்டின் கீழ் விட்டுக் கழுவுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கு தாளைக் கெடுக்கிறது.

ஈரத் தரையில் நீட்டிப்பு வயர் கிடக்கக்கூடாது. ஏர்கோன் அறையில் என்லார்ஜர், குளியலறையில் தட்டுகள் என்று பிரிப்பது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. வெளிச்சம் கொடுத்த தாளை மூடிய பெட்டியில் எடுத்துப் போகலாம். திறக்காத தாள் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் சில மணி நேரம் திறக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டால் தாள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டும்.

பழைய ஃபிக்சரை லொங்காங்கிலோ (சாக்கடையிலோ) மலக்குழியிலோ ஊற்றாதீர்கள். அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் புகைப்பட மருந்துக் கழிவுக்கும் இடம் உண்டு. மூடியுள்ள வாளியில் ஊற்றி, துருப்பிடிக்கும் சாதாரண இரும்புக் கம்பளியைப் போட்டுச் சில நாள் விட்டால் இரும்பு கரைந்து வெள்ளி அடியில் கறுப்புச் சேறாகப் படியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இதற்கு உதவாது. படிந்த சேற்றையும் மிஞ்சிய நீரையும் தனித்தனியே குப்பியில் அடைத்து, கழிவு எடுக்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

## வழி 3: ஸ்கேன் செய்து அச்சுக்குக் கொடுப்பது

தண்ணீர் வேண்டாம், இருட்டு வேண்டாம். கலர் நெகடிவுக்கும் சிதைந்த நெகடிவுக்கும் இது ஒன்றே வழி என்று முன்பே சொன்னோம். சாய்ந்த தூணை நிமிர்த்துவது ஒரு நிமிட வேலை. இருபது உறவினருக்கு இருபது பிரதி என்றால் இருட்டறையில் ஓர் இரவு போய்விடும். இங்கே ஒரே கோப்பு.

கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். 2000×3000 புள்ளி ஸ்கேன் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில் நீளப் பக்கம் பத்து அங்குலம்தான். அதற்கு மேல் பெரிதாக்கினால் கோபுரச் சிற்பங்கள் கூழாகும். நிழலையும் வானத்தையும் பிறகு சரிசெய்ய எண்ணம் இருந்தால் ஜேபெக் போதாது, 16 பிட் டிஃப் கேளுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைச் சாதாரண மினிலேப் கலர் தாளில் அடித்தால் பச்சையோ ஊதாவோ லேசாகப் படரும். முதலில் ஒரு சின்னப் பிரதி அடித்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறமி மையில் பாரிட்டா தாளில் அடித்துத் தரும் இடம் கிடைத்தால் தரம் வேறு, விலையும் வேறு. மறைவுச் செலவு கோப்பைக் காப்பதில் இருக்கிறது. இரண்டு டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில். நெகடிவைத் தூக்கி எறியவே கூடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆர்சி | ஃபைபர் | ஸ்கேன் |
|---|---|---|---|
| ஒரு படத்துக்கு அலசல் தண்ணீர் | 6 லிட்டர் | 30 லிட்டர். வாஷ்எய்ட் இல்லாமல் 180 | இல்லை |
| மருந்தில் தொடங்கி அலசி முடிய | 4 நிமிடம் | 25 நிமிடம் வரை | இல்லை |
| காய | ஒரு மணிக்குள் | ஒரு நாளுக்கு மேல் | இல்லை |
| சூடு தாங்குவது | நன்று | ஐஸ் இல்லாமல் கடினம் | பொருட்டல்ல |
| லிட்டர் ஃபிக்சருக்கு 8×10 தாள் | 80 | 10 | இல்லை |
| கலர் நெகடிவ் | சரிவராது | சரிவராது | ஏற்றது |
| கறுப்பின் ஆழம் | நன்று | மிக நன்று | தாளையும் மையையும் பொறுத்தது |
| பல பிரதிகள் | முடியும் | களைப்பு | எளிது |

## எந்த நிலையில் எது

இதுவரை ஒரு படம்கூட இருட்டறையில் எடுக்காதவர், தண்ணீர் நிச்சயமில்லாத வீட்டில் இருப்பவர், வாரம் ஓர் இரவு மட்டுமே நேரம் உள்ளவர்: ஆர்சி, முத்துப் பளபளப்புள்ள பரப்பு. கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம். நம் வரவேற்பறைக் குழல்விளக்கு அதில் அப்படியே தெரியும். 5×7-இல் தொடங்கினால் தாள் செலவு பாதியாகும். 35 மில்லிமீட்டர் சட்டத்தை முழுதாக 8×10-இல் அடைக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். கடைவீட்டு வரிசையின் ஒரு முனை வெட்டுப்படும். 6×9 அங்குலப் படமாக எடுத்துச் சுற்றி வெள்ளை விளிம்பு விடுவது கட்டடப் படங்களுக்கு அழகு.

குடும்பத்தின் பழைய டின் கையில் இருப்பவர்: ஸ்கேன், அதுவும் காடி வாடை அடிப்பதை இந்த மாதமே. அதில் கறுப்பு வெள்ளை நெகடிவ் ஒன்றிரண்டு தட்டையாக இருந்தால் அவற்றை மட்டும் பிறகு இருட்டறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் குளியலறை இருட்டறை வேண்டாம். மருந்துக் குப்பிகளைப் பூட்டி வைக்க இடமும், வேலை முடிந்து தரையைத் துடைத்தெடுக்கும் பொறுமையும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கண்காட்சிக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, கோயில் மண்டபத்துக்கோ காலாகாலத்துக்கும் நிற்கிற மாதிரி நான்கைந்து படம் தர நினைப்பவருக்கு ஃபைபர். ஆனால் ஃபைபரில் தொடங்காதீர்கள். முதலில் ஆர்சியில் முழுப் படத்தையும் தீர்மானியுங்கள்: எந்த ஃபில்டர், எங்கே கருக்குவது, எங்கே மறைப்பது, எத்தனை விநாடி. அந்தக் குறிப்பை ஒரு காகிதத்தில் படத்தின் கோட்டுருவம் வரைந்து அதன் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த இரவு, ஐஸ் பாட்டில் நான்கு உறைந்திருக்க, புது ஃபிக்சரோடு ஃபைபர் பெட்டியைத் திறங்கள். விநாடிகளை அப்படியே எடுக்க முடியாது, தாளின் வேகம் வேறு. ஒரே ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுத்து அடிப்படை நேரத்தைக் கண்டுபிடித்து, குறிப்பிலுள்ள மற்ற எண்களை அதே விகிதத்தில் மாற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியும் ஃபைபர் படம் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும். ஆகவே கண்ணுக்குச் சரி என்று பட்ட நேரத்திலிருந்து எட்டு விழுக்காடு குறைத்து, 12 விநாடி என்றால் 11 விநாடி கொடுத்து எடுத்துக் காயப் போடுங்கள். மறுநாள் மாலை, வெளி வராந்தா வெளிச்சத்தில் பார்த்து, சுவரின் சுண்ணாம்பில் தடம் இருந்தால் அந்த எண்ணையே மீதிப் பிரதிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.